மூன்றாம் தகட்டின் விளிம்பு

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அதிலும் ஐந்தாம் வகுப்பில் பாதிதான். மீதிப் பாதியைப் பற்றிக் கேட்டால், "அதைப் பள்ளிக்கூடமே வெச்சுக்கட்டும்னு பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்" என்பார். அப்படிப்பட்டவரின் கை பட்ட ஐந்து தகடுகள் இன்றைக்குப் பூமியை விட்டு வெகுதூரம் தள்ளி, ஒரு விண்கலத்தில் ஏறி, சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அங்கே போக எத்தனையோ படித்தவர்கள் ஆசைப்பட்டார்கள். போய்ச் சேர்ந்தது அவர் தீட்டிய விளிம்பு. இதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். நிமிரட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

எல்லோருக்கும் அவர் சாணைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது. பதினொரு வயதில் மிதிசாணையைத் தோளில் தூக்கித் தெருத் தெருவாக நடந்தவர். சவரக் கத்தி, தையல் கத்தரி, காகிதம் வெட்டும் கத்தி, மருத்துவமனைக் கத்தி என்று அவர் கைக்கு வராத விளிம்பு இல்லை. நாற்பத்தேழு வருடம். இன்று மோட்டார் பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சொந்தப் பட்டறை. அதில் நிற்கும் பெரிய அரைப்பு இயந்திரத்தைப் பழைய இரும்பு என்று எடை போட்டு விற்றார்கள். எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டி எழுப்பி நிறுத்தினார். இப்போது அது கடிகாரம் மாதிரி ஓடுகிறது. அவர் சொன்னால்தான் நிற்கும்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்தவை அல்ல. ஒன்று, தீட்டி முடித்ததும் விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்து மெல்லத் திருப்புவார். மழுங்கின இடம் வெள்ளை நூல் மாதிரி மின்னும். கூராக இருக்கும் இடம் மின்னாது, அங்கே வெளிச்சம் தங்க இடமே இல்லை. இரண்டு, பொருளைக் கொடுப்பதற்கு முன்னால், வாங்குகிறவர் விரல் படப்போகும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நைசுக் கல்லால் இரண்டே இழுப்பு இழுத்துக் கூர்மையை எடுத்துவிடுவார். அவரிடம் கத்தி வாங்கிய எவர் கையும் அவர் கடை வாசலில் கிழிந்ததில்லை. இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

அவர் மனைவி தையல்காரம்மா. ஒரு காலத்தில் தீட்டிய கத்தரியைத் திருப்பிக் கொண்டுவந்து, "இது வெட்டலை, துணியைக் கடிக்குது" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள். அப்படி இன்னொருத்தர் கிடைக்க மாட்டார் என்று அவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டார். தையல்காரம்மாவின் தம்பி பட்டறையில் கூட்டாளி. மாமனைச் சீண்டாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் காலையில் ஓர் அம்மாள் பட்டறைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அதையே கைப்பையில் தேடிக்கொண்டிருந்தார். விண்வெளி ஆய்வு நிலையத்தில் ஒரு கேமரா செய்கிறார்களாம், அதற்கு அவர்தான் பொறுப்பாம். மூன்று பெரிய கம்பெனிகள் செய்து கொடுத்ததைத் தள்ளிவிட்டு வந்திருந்தார்.

"ஐயா, எனக்கு ஒரு விளிம்பு வேணும்."

"எவ்வளவு கூர் வேணும்மா?"

"கூரைப் பத்தி எனக்குக் கவலையில்லை. மின்னக் கூடாது. அவ்வளவுதான்."

சாணைக்காரர் அரைத்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டார். நாற்பத்தேழு வருடத்தில் அவர் பாஷையிலேயே பேசிய முதல் வாடிக்கையாளர்!

"உட்காருங்கம்மா. தலையில இருக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு விவரமாச் சொல்லுங்க."

அந்த அம்மாள் சொன்னார். சூரியன் சும்மா எரிந்துகொண்டிருப்பதில்லை. அவ்வப்போது தன் உடம்பிலிருந்தே நூறு கோடி டன், சமயத்தில் அதற்கும் மேலே, கொதிக்கும் வாயுவைக் காந்தத்தோடு சேர்த்து வீசி எறிகிறது. அந்த மேகம் ஒன்றிரண்டு நாளிலோ மூன்று நான்கு நாளிலோ இங்கே வந்து மோதினால் செயற்கைக்கோள் தடுமாறும், ரேடியோ கரகரக்கும், மின்சாரக் கம்பிகளில் வேண்டாத கரண்டு ஓடும். கிளம்புவதைப் பார்க்கக் கருவி இருக்கிறது. வந்து சேர்ந்ததும் அளக்கவும் கருவி இருக்கிறது. நடுவில் வரும் பாதை இருக்கிறதே, அந்த வெற்றிடத்தில் அது எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று பக்கவாட்டில் நின்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கேமரா. சிக்கல் என்னவென்றால், சூரிய வெளிச்சத்தைக் கோடி கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட அந்த மேகம் ஒளிராது. சூரியனின் ஒரு துளி வெளிச்சம் உள்ளே கசிந்தாலும் படம் முழுக்க வெளுத்துவிடும்.

சாணைக்காரர் பட்டறை வாசலில் அடித்த வெயிலைப் பார்த்தார்.

"வெயில் அடிக்குது. ரோட்டுல தூரத்துல யாரோ வர்றாங்க. நெத்திக்கு மேல கையை வெச்சுக்கிட்டுப் பார்ப்போம் இல்லையா? அந்தக் கையை நான் செய்யணும். சரியா?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அதேதான் ஐயா. எங்க அறிக்கையில இதை நாப்பது பக்கம் எழுதியிருக்கோம். ஆனா ஒரு கை போதாது. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அஞ்சு கை. முதல் தகட்டு விளிம்பைத் தாண்டி வளையுற வெளிச்சத்தை ரெண்டாவது தடுக்கணும், அதைத் தாண்டினதை மூணாவது."

"நாப்பது பக்கமா?" என்று மச்சினன் வாயைப் பிளந்தான். "எங்க மாமா ரசீதுலகூட ரெண்டு வரிக்கு மேல எழுத மாட்டாரு."

அன்றிலிருந்து அவர் அந்தப் பட்டறையில் கேமரா அம்மா ஆனார்.

நான்கு மாதம் பிடித்தது. முழ நீளத் தகடு, அலுமினியம். இரும்பு சொன்னால் கேட்கும், அலுமினியம் கேட்காது. ஒரு பக்கம் தீட்டினால் மறு பக்கம் உருண்டு பிசிறு கட்டும். இயந்திரத்தில் பாதி, கையில் பாதி என்று ஒரு முறையைத் தானாகவே கண்டுபிடித்தார். யாரும் குறை சொல்லாத பதினொரு தகடுகளை அவரே குப்பையில் போட்டார். மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டான். பன்னிரண்டாவதிலிருந்துதான் அவர் ஒப்புக்கொண்ட ஐந்தும் வந்தன. ஆய்வு நிலையத்தில் ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் நுண்நோக்கி வைத்துப் பார்த்து, சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு தகடுகள் கறுப்புப் பூச்சுப் போடும் இடத்துக்குப் போய், கேமராவில் ஏறின. பெரிய பெரிய கம்பெனிகள் திணறிய வேலையைத் தகரக் கூரைக்குக் கீழே முடித்தாயிற்று. இரண்டு மாதம் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் இதே பேச்சு. கூட நடந்தால் வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது என்று தையல்காரம்மா பத்தடி முன்னால் போக ஆரம்பித்தார்.

ஒரு புதன்கிழமை காலை கேமரா அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலில் சத்தே இல்லை.

"ஐயா, நீங்க கேமராவை முழுசாப் பார்க்கணும்னு கேட்டீங்களே. இன்னைக்கே வந்து பார்த்துடுங்க."

"ஏம்மா, சனிக்கிழமை வரேனே."

"சனிக்கிழமை அது விண்கலத்துல இருக்குமான்னு தெரியலை."

மச்சினனையும் அழைத்துக்கொண்டு போனார். போன இடத்தில் விஷயம் தெரிந்தது. இருட்டறையில் சூரியனுக்குப் பதிலாக ஒரு பெரிய விளக்கை வைத்துச் சோதித்ததில், அனுமதித்ததைப் போல நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே கசிகிறது. தூசி என்றார்கள், துடைத்தார்கள். பூச்சு என்றார்கள், அளந்தார்கள். பொருத்தியது கோணல் என்றார்கள், கழற்றி மாட்டினார்கள். இரண்டு வாரம் ஓடிவிட்டது. ராக்கெட் யாருக்கும் காத்திருக்காது. சனிக்கிழமை நண்பகலுக்குள் சோதனையில் தேறாவிட்டால், கேமராவைக் கழற்றிவிட்டு, எடைக் கணக்கு மாறாமல் இருக்க அதே எடையில் ஒரு அலுமினியக் கட்டியைப் பூட்டி அனுப்பிவிடுவது என்று திட்டத் தலைவர் முடிவெடுத்துவிட்டார். கட்டி தயாராக அலமாரியில் உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு எண்ணைக்கூட எழுதிவிட்டார்கள்.

சாணைக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார். "இந்தக் கட்டிக்குச் சூரியனைப் பார்க்கத் தெரியுமா?"

 கேமரா அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு வருட உழைப்பாம் அந்தக் கேமரா.

"ஒரு கை விளக்கு குடுங்க. நான் பார்க்கிறேன்" என்றார் சாணைக்காரர்.

திட்டத் தலைவர் நெட்டையான மனிதர், வார்த்தையை அளந்து செலவழிப்பவர். "உங்க விளிம்பு மேல சந்தேகமே இல்லைங்க. நுண்நோக்கியில பார்த்தாச்சு."

"அது மூணு இடத்துல பார்த்துச்சு. நான் முழுசாப் பார்ப்பேன்."

தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டார்கள். மீசைக்கும் மறைப்பு. "மாமா, மூட்டை கட்டி அனுப்பத் தயாரா இருக்கீங்க. கட்டிக்குப் பதிலா நீங்களே போயிடுங்க" என்றான் மச்சினன், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

அறை விளக்குகளை அணைத்தார்கள். கை விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, மெல்லத் திருப்பினார். முதல் தகடு, இருட்டு. இரண்டாவது, இருட்டு. மூன்றாவது தகட்டில் இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, கட்டைவிரல் அகலத்துக்கு, ஒரு வெள்ளை நூல்.

 யாரோ செய்த கீறல் என்றால் கோணல்மாணலாக இருக்கும். இது நேராக, சீராக, அழகாக இருந்தது. இரண்டே இழுப்பு. நைசுக் கல். தன் கையெழுத்தை அடையாளம் தெரியாதவர் உண்டா? மூன்றாவது தகடு முடிந்த அன்று, கை கழுவப் போகும்போது, "இதைக் கொஞ்சம் பிடி" என்று மச்சினனிடம் நீட்டியது நினைவுக்கு வந்தது. மற்ற நான்கையும் அவரே பெட்டியில் வைத்தார், அது ஒன்றைத்தான் இன்னொருவர் கையில் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால், அவர் கை நாற்பத்தேழு வருடமாகச் செய்வதைச் செய்துவிட்டது. அவரைக் கேட்கவே இல்லை.

"ஏதாவது தெரியுதா?" என்று இருட்டில் திட்டத் தலைவரின் குரல்.

"மூணாவதுல ஒரு இடம் மின்னுது."

"பூச்சுப் போட்டவங்க கீறிட்டாங்களா?"

தப்பிக்கக் கதவு அகலத் திறந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்த வெள்ளை நூலைப் படிக்கத் தெரிந்த கண் அந்த அறையில் அவருடையது ஒன்றுதான். பூச்சுக்காரர்கள் மேல் பழி போகும், அவர் பேர் நிற்கும். பேர் என்றால் சாதாரணப் பேரா? மிதிசாணையிலிருந்து கட்டிய பேர். மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்தார். பூச்சுப் போடுகிற இடத்தில் ஒரு பெரியவர் தகட்டுப் பெட்டியை வாங்கும்போது குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கியதை அவர் பார்த்திருக்கிறார்.

"அவங்க இல்லை. நான்" என்றார்.

விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார், "இந்தத் தப்பை வேற எவனாவது இவ்வளவு சுத்தமாப் பண்ணியிருப்பானா, சொல்லுங்க?"

கேமரா அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. "ரெண்டு வாரமா காரணம் தெரியாம செத்துக்கிட்டிருந்தேன் ஐயா."

மச்சினன் கண்ணாடியைத் தட்டினான். "மாமா, என் விரல் மேல உங்களுக்கு இவ்வளவு பாசம்னு தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்!"

திட்டத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "தீட்டாத மாற்றுத் தகடு ஒண்ணு இருக்கு. ஆனா பூச்சுக்கு ஒரு நாள், பொருத்தி அளக்க அரை நாள். நாளைக்குச் சாயங்காலம் விளிம்பு வேணும். ஒரு தடவை தவறின கையை நம்பி எப்படிக் குடுக்கிறது?"

"வேற யார் ஒரு நாள்ல செய்வாங்கன்னு பேரைச் சொல்லுங்க. அவங்ககிட்ட நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

 மாற்றுத் தகடு அவர் மடியில் வீடு வந்தது.

வீட்டில் தையல்காரம்மா முழுவதையும் கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் சாணைக்காரருக்குப் பயமாக இருந்தது.

"தப்பை ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிட்டேன்."

"கல்யாணம் ஆகி முப்பத்தி ரெண்டு வருஷத்துல என்கிட்ட ஒரு தடவை ஒத்துக்கிட்டதில்லை. அந்த அம்மாகிட்ட மட்டும் எப்படிங்க வருது?"

மறுநாள் விடிந்ததும் தையல்காரம்மாவும் பட்டறைக்கு வந்துவிட்டார். வந்ததும் நைசுக் கல் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு துணிப்பையில் போட்டு, பையை முக்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கையில் தைக்க வேண்டிய சட்டை.

"இது என்ன கூத்து?" என்றார் சாணைக்காரர்.

"உங்க மேல நம்பிக்கை இருக்கு. உங்க கை மேல இல்லை. கல்லு வேணும்னா என்னை எழுப்பிட்டு எடுத்துக்குங்க."

"அக்காவை எழுப்புறதுக்கு அந்த ராக்கெட்டாலகூட முடியாது" என்று மச்சினன் ஓர் ஓரமாகச் சொன்னான். சட்டையில் குத்தியிருந்த ஊசி அவன் பக்கம் திரும்பியது, வாயை மூடிக்கொண்டான்.

முதல் முறை ஒரு தகட்டுக்கு மூன்று மணி நேரம் எடுத்த வேலையை இந்த முறை ஆறு மணி நேரம் செய்தார். இயந்திரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கடைசி இழுப்புகளைக் கையால் தோல்பட்டையில் இழுத்தார். முடித்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இருட்டு. மனசு நிறைந்து, தகட்டை மச்சினனிடம் நீட்டப் போனார். அப்போது அவர் வலது கை தானாக மேசைக்குப் போய், கல் வழக்கமாக இருக்கும் இடத்தைத் தட்டியது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை அவரே அந்தக் கையைப் பார்த்தார், வேறு யாருடையதோ என்பது போல.

தையல்காரம்மா முக்காலியில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். "தேடட்டும், தேடட்டும்."

தகட்டின் முதுகுப் பக்கத் துளைகளில் இரண்டு திருகாணி மாட்டி, அதைப் பிடித்தே தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள். எவர் விரலுக்கும் அதில் இடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரைக்குச் சோதனை ஆரம்பித்தது. சாணைக்காரர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றார். உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். பதினொன்றே முக்காலுக்குக் கேமரா அம்மா வெளியே வந்தார். கையில் இருந்த தாளை நீட்டினார்.

"எண்ணெல்லாம் எனக்கு எதுக்கும்மா. தேறிச்சா, தேறலையா?"

"எவ்வளவு கசியலாம்னு வெச்சிருந்தோமோ, அதுல பாதிகூட இல்லை ஐயா."

பின்னாலேயே திட்டத் தலைவர் வந்தார். கட்டியை எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, சாணைக்காரரிடம் கை நீட்டினார். அளந்து பேசுகிறவர் அன்றும் அளந்துதான் பேசினார். "நீங்க அன்னைக்குச் சொல்லலைன்னா நாங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்."

"அது தெரியும்" என்றார் சாணைக்காரர்.

அடுத்த கேமராவுக்கு வந்த வரைபடத்தின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. கையால் பிடிக்கும் இடம் உட்பட விளிம்பில் எந்த இடத்தையும் மழுக்கக் கூடாது என்று. எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு மச்சினனிடம் காட்டினார், "பார்த்தியாடா, நான் தப்புப் பண்ணினாக்கூட அதைச் சட்டமாக்கிடுறாங்க."

விண்கலம் கிளம்பிப் பத்து மாதம் கழித்து ஒரு நாள் கேமரா அம்மா அவரையும் தையல்காரம்மாவையும் ஆய்வு நிலையத்துக்கு அழைத்தார். பெரிய திரை, சுற்றிலும் இருபது முப்பது பேர். திரையில் நட்சத்திரங்கள். வலது பக்கத்திலிருந்து, ஊதிய சோப்பு நுரையின் ஓரம் மாதிரி ஒரு சாம்பல் நிற வளைவு நகர்ந்து வந்தது. அது தாண்டிப் போன பிறகும் பின்னால் நட்சத்திரங்கள் அப்படியே தெரிந்தன. சூரியன் வீசி எறிந்த மேகம். நேற்று வீசியது. நாளை மறுநாள் சாயங்காலம் இங்கே வரும் என்று வேகத்தைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். மின்சாரக்காரர்களுக்கும் செயற்கைக்கோள்காரர்களுக்கும் சொல்லியாயிற்று. அறையே கைதட்டியது. தையல்காரம்மாகூடத் தட்டினார்.

சாணைக்காரர் மேகத்தைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், சூரியன் இருக்கும் பக்கத்து ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கசிந்திருந்தால் அங்கேதான் வெளுத்திருக்கும். அங்கே நல்ல கறுப்பு. அதில் பொடிப்பொடியாய் இரண்டு நட்சத்திரம்.

"அம்மா, இந்த மேகம் உங்களோடது, நீங்களே வெச்சுக்குங்க. இந்த ஓரத்தை மட்டும் எனக்கு ஒரு படம் போட்டுத் தருவீங்களா?"

போட்டுத் தந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுப் பட்டறையில் அரைப்பு இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார். கத்தரி தீட்டக் கொண்டுவரும் வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, ஒண்ணுமே தெரியலையே?" என்று கேட்பார்கள்.

"தெரியக் கூடாதுன்னுதானே நாலு மாசம் தீட்டினேன்" என்பார். கேட்டவர் விழிப்பார். அதற்குப் பிறகு முழுக் கதையையும் கேட்காமல் அவர் கத்தரியை வாங்கிக்கொண்டு போக முடியாது.